555 புத்தகத்தில் மனக்கணக்கு: ஒருபக்கமாகச் சாயாமல் யோசிக்கப் புதிதாகப் பழகுபவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், கடைக்குப் பின்வரிசையில் ஒரு குடும்பம் குடியிருந்தது. 'அப்பாவிடம் கடன் வாங்கித் தின்றுவிட்டு ஏமாற்றிப் போனவர்கள்' என்று அவர்களைப் பற்றி நான் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பா காலமான பிறகு அலமாரியைக் காலி செய்தபோது, ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய 555 புத்தகங்கள் கிடைத்தன. இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும், கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதுவது.

அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அரிசி, சாடின், பால் டின், மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதி, கீழே மொத்தம் போட்டு, குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'தீர்ந்தது'. கோடு விழாத பக்கமும் ஒன்று இருந்தது. அது எங்கள் சின்னம்மா வீட்டுக் கணக்கு.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பையன் பள்ளியில் என்னை ஒருமுறை அடித்தான், அவ்வளவுதான். மீதியை என் மனமே எழுதிக்கொண்டது.

அப்பா ஆறாம் வகுப்புவரைதான் படித்தவர். ஆனால் அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். கொடுத்த பிறகு எழுதினால் வாங்கியவருக்கு ஒரு ஞாபகம், கொடுத்தவருக்கு ஒரு ஞாபகம் என்று ஆகிவிடும் என்பார். நான் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவன். மனோதத்துவம் படித்தவன் இல்லை. கீழே எழுதியிருப்பது எல்லாம் அப்பாவின் அந்த ஒரு விதியை என் மனத்தோடு வைத்துக்கொண்ட கணக்குக்குப் போட்டுப் பார்த்ததில் தேறியவை.

முதலில் நோட்டு; இரண்டு வாரம் சின்ன ஊகங்கள் மட்டும்

ஒரு 555 வாங்குங்கள். போனில் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் போனில் எழுதியதைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். பேனாவால் எழுதியதை அடித்தால், அடித்தது தெரியும்.

முதல் இரண்டு வாரத்துக்குப் பெரிய விஷயம் எதையும் தொட வேண்டாம். அரசியல், சாமி, ஜாதகம், மாமியார் எதுவும் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் விடை தெரிந்துவிடக்கூடிய ஊகங்களை மட்டும் எழுதுங்கள். என்ன நடக்கும், எந்த நேரத்துக்குள் நடக்கும், நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை, இந்த மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். என் முதல் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

செவ்வாய். 6.40-க்குக் கிளம்பினால் 7.20-க்குள் ஃபேக்டரி கேட். 90.
மச்சான் வாங்கிய 300 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தன்று திரும்ப வரும். 70.
குழாய் ரிப்பேர் ஆள் சொன்ன நாளில் வருவார். 60.
பாப்பா கணக்குப் பரீட்சை, 80 மார்க்குக்கு மேல். 75.

'சீக்கிரம்', 'ஓரளவுக்கு', 'நல்லபடியாக' என்ற சொற்களை நோட்டுக்குள் விடாதீர்கள். எது நடந்தாலும் 'நான் அப்போதே சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுக்கும் சொற்கள் அவை. விடை தெரிந்ததும் பக்கத்தில் ஒரு சரி அல்லது ஒரு பெருக்கல் குறி. காரணம், சமாதானம் எதுவும் எழுத வேண்டாம். 'மழை பெய்ததால்தான்' என்று எழுதக் கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போனபோது, பாரூக் ஃபிஷாஃப் என்ற ஆய்வாளரும் ரூத் பெய்த் என்பவரும் மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள்: இது நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு, அது நடக்க எத்தனை? பயணம் முடிந்த பிறகு, 'அன்று நீங்கள் என்ன எண் சொன்னீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்' என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் அன்று சொன்னதைவிட அதிகமான எண்ணைச் சொன்னதாகவே பலருக்கும் நினைவு இருந்தது. 1975-இல் இது வெளிவந்தது. அவர்கள் வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை. விடை தெரிந்த மனம், பழைய கணக்கின்மேல் புது எண்ணை எழுதிவிடுகிறது.

இரண்டு வாரம் ஆனதும் '90' என்று போட்ட வரிகளை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால் உங்கள் தொண்ணூறு உண்மையான தொண்ணூறு. என்னுடையது பதினொன்றுக்கு ஆறு. தவறிய ஐந்தும் பினாங்குப் பாலத்தைப் பற்றியவை. 13.5 கிலோமீட்டர் பாலத்தை எத்தனை வருடமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்! ஆனாலும் ஒவ்வொரு காலையும் நெரிசல் இல்லாத அந்த ஒரு நல்ல நாள்தான் என் நினைவுக்கு வந்திருக்கிறது.

ரோஜர் பியூலர் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். 'எல்லாம் மோசமாகப் போனால்?' என்றதற்குச் சுமார் 49. உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று கணக்குப் போடும்போதும் மனம் நல்லதையே பார்த்திருக்கிறது.

இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான். 'இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஆகும்?' என்று மனத்திடம் கேட்காதீர்கள். 'கடைசிப் பத்து தடவை எவ்வளவு ஆனது?' என்று நோட்டிடம் கேளுங்கள். வீடு ரிப்பேர், கல்யாணச் செலவு, அரசாங்க அலுவலகத்தில் வரிசை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

'இல்லை' என்ற பதிலைத் தேடிப் போவது

அடுத்த வாரம் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) நண்பர்களோடு ஒரு விளையாட்டு ஆடுங்கள். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் விதி ஒன்றை எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள்: 'மூன்று எண்கள், ஏறுவரிசையில்'. பிறகு எதிரில் இருப்பவரிடம், "2, 4, 6 இந்த விதிக்குப் பொருந்தும். நீயும் மும்மூன்று எண்ணாகச் சொல்லு. பொருந்துமா இல்லையா என்று நான் சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் சொல்லு" என்று சொல்லுங்கள்.

நான் ஆடியது என் மச்சானோடு. தே தாரே என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"8, 10, 12."

"பொருந்தும்."

"20, 22, 24."

"பொருந்தும்."

"100, 102, 104. போதும் லா, இரண்டிரண்டாகக் கூடுது. இதுக்கு ஒரு விளையாட்டா?"

"விதி அது இல்லை."

மச்சான் கோப்பையை வைத்துவிட்டார். "மூணும் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னேன்தான். 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். ஆனால் தான் நினைத்த விதியை உடைக்கக்கூடிய எண் ஒன்றைக்கூட அவர் சொல்லிப் பார்க்கவில்லை. வேசன் இதை 29 பேரிடம் வைத்தபோது, தவறான விதி எதையும் சொல்லாமல் நேராகச் சரியான விதிக்கு வந்தவர்கள் 6 பேர்தான். நான் முதலில் ஆடியபோது நானும் மச்சான் மாதிரிதான் ஆடினேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நோட்டில் இதற்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். வலப்பக்கம் உங்கள் எண்ணத்தை எழுதினால், எதிரே இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். 'நான் நினைப்பது தவறு என்றால் என்ன கண்ணில் படும்?' என்பதற்கான பதில் அங்கே. உதாரணமாக வலப்பக்கத்தில் 'புது சூப்பர்வைசருக்கு என்னைப் பிடிக்காது'. இடப்பக்கத்தில் 'பிடிக்கவில்லை என்றால் மற்றவர்களைவிட எனக்கு ஓ.டி. (ஓவர்டைம்) குறைவாகக் கொடுத்திருப்பார், லிஸ்டைப் பார்.' நான் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு. அவர் யாரையும் பார்த்துச் சிரிக்காத ஆள், அவ்வளவுதான்.

சார்லஸ் டார்வின் இதைவிடக் கறாரானவர். தன் முடிவுக்கு எதிரான செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் எழுதி வைத்துவிடுவதைப் பல வருடம் பழக்கமாக வைத்திருந்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். சாதகமானவற்றைவிட எதிரானவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்பது அவர் கண்ட அனுபவம்.

நாலு கட்டம்

இந்த ஒரு பழக்கம் மட்டும் கைவந்தால் மற்றதெல்லாம் வராவிட்டாலும் பரவாயில்லை என்பேன். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாலத்தில் விபத்து நடந்தால் அந்தப் பக்கம் நெரிசல் வருவது சரி. எதிர்ப்பக்கம் ஏன் ஊர்கிறது? நம்பர் பிளேட்டைப் பார்க்கத்தான் பலர் வேகத்தைக் குறைக்கிறார்கள். அன்று மாலை அந்த எண் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் ஓடும். 'போன வருடம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் அடிபட்ட கார் நம்பரை எடுத்தார், அடித்தது' என்ற கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். கதை பொய் இல்லை. நானே அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நோட்டில் ஒரு கூட்டல் குறி போட்டு நாலு கட்டம் ஆக்குங்கள். விபத்து நம்பர் எடுத்து அடித்தது. விபத்து நம்பர் எடுத்து அடிக்காதது. வேறு ஏதோ நம்பர் எடுத்து அடித்தது. வேறு நம்பர் எடுத்து அடிக்காதது. நமக்குக் கதையாக வந்து சேருவது முதல் கட்டம் மட்டும்தான். 'விபத்து நம்பர் எடுத்தேன், அடிக்கவில்லை' என்று யாரும் கல்யாண வீட்டில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை.

கணக்கையும் போட்டுவிடலாம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு விழுவது 23 எண்களுக்கு: முதல் மூன்று பரிசுகள், 10 சிறப்புப் பரிசுகள், 10 ஆறுதல் பரிசுகள். ஒருவர் வாரம் மூன்று குலுக்கலிலும் ஒரே ஒரு எண் எடுத்தால் வருடத்தில் சுமார் 156 தடவை. இந்த 156-இல் ஒருமுறையாவது ஏதோ ஒரு பரிசு அடிக்க வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம். அதாவது இப்படி எடுக்கிறவர்கள் ஒரு தாமானில் 100 பேர் இருந்தால், வருடத்துக்குச் சுமார் 30 பேரிடம் 'எனக்கு அடித்தது' என்ற கதை இருக்கும். அடிபட்ட கார் நம்பர் எடுத்தவர், கனவில் அம்மா சொன்ன நம்பர் எடுத்தவர், கண்ணை மூடிக் கைக்கு வந்ததை எடுத்தவர், மூவருக்கும் அதே 30 சதவீதம்தான். பணக் கணக்கும் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கு 'பெரியது' (23 பரிசுக்கும் சேர்த்துக் கட்டும் வகை) எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்பு 180, ஆறுதல் 60. எல்லாப் பரிசையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால், போட்ட ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 64 காசு. நான் எடுக்காதே என்று சொல்லவில்லை. என் மாமா வாரா வாரம் எடுக்கிறார், அது அவருக்குச் சினிமா டிக்கெட் மாதிரி. 36 காசு டிக்கெட் விலை என்று தெரிந்தே எடுத்தால் தப்பில்லை.

நம்பர் விஷயத்தில் போவது நம் காசு. ஆட்கள் விஷயத்தில் இதே தவறைச் செய்தால் போவது இன்னொருவர் சோறு. என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் நேப்பாளத்திலிருந்து புதிதாகச் சில பேர் வந்தார்கள். உள்ளூர் ஆட்கள்தான் அதிகம், அவர்கள் குறைவு. சில மாதத்தில் என் மனத்தில் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது: அவர்கள் மெஷினில் நின்றால் ரிஜெக்ட் அதிகம். எனக்குக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தது. ஒரு நாள் இரவு ஷிப்டில் அச்சு முழுவதும் நிரம்பாத மூடிகள் ஒரு கூடை நிறைய. பக்கத்தில் அந்தப் பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஓ.டி. லிஸ்டில் அவர்கள் பெயரைக் குறைக்கச் சொல்லி நான் வாய்திறக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

நோட்டுப் பழக்கம் ஆரம்பித்திருந்த நேரம் அது. சரி, கட்டம் போட்டுவிட்டே சொல்வோம் என்று ஷிப்ட் ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். 'ரிஜெக்ட் அதிகம்' என்றால் எவ்வளவு என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் எண்ண ஆரம்பித்தேன். இது முக்கியம். எண்ணிக்கொண்டே அளவை வைத்தால், வேண்டாதவர் பக்கம் வரும்போது அளவு தானாகக் கீழே இறங்கிவிடும். வந்த கணக்கு: அவர்கள் நின்ற 25 ஷிப்டில் ரிஜெக்ட் அதிகமானது 5. உள்ளூர் ஆட்கள் நின்ற 60 ஷிப்டில் 12. இரண்டும் ஐந்துக்கு ஒன்று.

அந்தப் பன்னிரண்டும் எங்கே போயிருந்தன? என் கண்முன்னால்தான் நடந்திருக்கின்றன. நம்ம ஆள் நிற்கும்போது நடந்தால் 'இந்த மெஷின் சரியில்லை' என்றிருக்கிறேன். அவர்கள் நிற்கும்போது நடந்தால் 'இந்த ஆள் சரியில்லை'. தாமிரபரணிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் தாத்தாவைப் பற்றி அந்தக் காலத்து மேலதிகாரிகள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நாங்களும் வீடு வாடகைக்குத் தேடும்போது போனில் பெயரைச் சொன்னதும் 'வீடு போய்விட்டது' என்று கேட்டவர்கள்தானே.

இப்படி ஆவதற்கு ஒரு காரணம் உண்டு. டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபர்டும் 1976-இல் செய்த சோதனையில், 'அ' குழு, 'ஆ' குழு என்று வெறும் எழுத்துகளை மட்டும் வைத்தார்கள். 'அ' குழுவைப் பற்றி 18 நல்ல செய்தி, 8 கெட்ட செய்தி. 'ஆ' குழு சிறியது: 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் ஒன்றேதான். ஆனால் படித்தவர்களுக்கு 'ஆ' குழுவின் கெட்டது உள்ளதைவிட அதிகமாகப் பட்டது, மதிப்பும் அந்தக் குழுவுக்கே குறைந்தது. இனம், மொழி, நிறம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துக்கே இந்தக் கதி. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் கண்ணில் படுகிறார்கள். கெட்ட செய்தியும் குறைவாக வருவதால் கண்ணில் படுகிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுகிறது.

அப்புறம் அந்த 17 ஷிப்டுக்கும் என்னதான் காரணம் என்று தேடினேன். 13 ஷிப்டுகளில் அன்றுதான் அச்சு மாற்றியிருந்தார்கள். அச்சு சூடேறி நிலைக்கு வருமுன் ஓட்டினால் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாது, இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்த விஷயத்தைத் தேடவிடாமல் அந்தப் பையனின் முகம் முன்னால் நின்றுவிட்டது. அச்சு மாற்றினால் முதல் அரைமணி நேர உருப்படிகளைத் தனியாக ஒதுக்கு என்று பிறகு முறை வந்தது. அந்தப் பையனிடம் நான் போய் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

'இவர்கள் எப்போதுமே இப்படித்தான்' என்ற வாக்கியம் வாயில் வந்தால், அது எந்த இனத்தைப் பற்றியதாக இருந்தாலும், நம் இனத்தைப் பற்றியதாகவே இருந்தாலும், கட்டம் போடும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாலு கட்டத்தில் மூன்றை நிரப்ப நம்மிடம் எந்தத் தகவலும் இருக்காது. காலியாக இருப்பதைக் காலி என்றே எழுதுங்கள்.

பணம் கைமாறுமுன்

இதில் மூன்று விஷயம்தான், சுருக்கமாக.

விலை கேட்குமுன் உங்கள் விலையை எழுதுங்கள். பழைய கார், வாடகை வீடு, மண்டபம் எதுவாக இருந்தாலும். டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சக்கரம் வருகிறது. அதைச் சுழற்றி, நின்ற எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்தவர்களின் நடுத்தர விடை 25, 65 வந்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே மனம் இப்படி இழுபடும் என்றால், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு விலை சொல்லும் வியாபாரிக்குக் கேட்கவே வேண்டாம்.

போட்ட பணத்தை மறந்து ஒருமுறை கேளுங்கள். என் பழைய காருக்கு கியர்பாக்ஸ் மாற்றியாயிற்று, பிறகு ஏர்கான், பிறகு ரேடியேட்டர். ஒவ்வொரு தடவையும் 'இவ்வளவு போட்டாச்சே' என்றே அடுத்ததையும் போட்டேன். நோட்டில் எழுதிய கேள்வி இது: 'இந்தக் கார் என்னிடம் இல்லை, இதை விற்றால் வரும் காசுதான் கையில் இருக்கிறது. இன்று போய் இதையே வாங்குவேனா?' எழுதி முடிப்பதற்குள் மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கு நோட்டு வேறயா?" என்றாள்.

மூன்றாவது, முதலீடு. யாராவது வாட்ஸ்அப்பில் மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று வந்தால், கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு வருடம் கழிந்துவிட்டது, பணம் மொத்தமும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, 'எப்படிப் போனது?' என்று பத்து வரி எழுதுங்கள். 'போகுமா?' என்று கேட்டால் மனம் போகாது என்று சொல்லும். 'போய்விட்டது, எப்படி?' என்று கேட்டால் கதை கதையாக எடுத்துக் கொடுக்கும். பிறகு செக்யூரிட்டிஸ் ஆணையமும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்காமல் உடனே வங்கிக்கோ 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கோ கூப்பிடுங்கள்.

இதை மற்றவர்கள்மேல் பிரயோகிக்காதீர்கள்

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இரண்டாம் மாதம் விழும் பள்ளம் இது. நானும் விழுந்தேன். சித்தப்பா ஏதோ மூலிகைக் கஷாயத்தைப் பற்றிச் சொல்ல, "நாலு கட்டத்தில் ஒன்றுதான் சொல்கிறீர்கள் சித்தப்பா" என்று தீபாவளியன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். முறுக்குத் தட்டு என் பக்கம் வராமலே சுற்றிப் போனது. எமிலி புரோனின் குழு 2002-இல் காட்டியது நினைவில் இருந்திருக்க வேண்டும்: இந்த மாதிரிச் சாய்வுகளைப் பட்டியலிட்டுக் கேட்டால், மற்றவர்களுக்கு இருக்கும் அளவு தங்களுக்கு இல்லை என்றுதான் ஆட்கள் சொல்கிறார்கள். சாய்வுகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டால் அடுத்தவரை மடக்கப் புது ஆயுதம் கிடைக்கும். உங்கள் '90' ஒரு புள்ளிகூட நேராகாது.

அதற்குப் பதில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முடிவு எடுக்குமுன் அவரிடம் போய், "இதில் எங்கே ஓட்டை?" என்று மட்டும் கேளுங்கள். "இது நல்லதுதானே?" என்று கேட்டால் நம் ஆட்கள் முகத்துக்காக 'நல்லதுதான்' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படி இருப்பவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் இருவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துவராது. அவர் பதில் சொல்லும்போது நான் வாயைத் திறக்காமல் எழுத மட்டும் செய்வேன். பேசினால் வாதாட ஆரம்பித்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் நோட்டை எடுக்கவும் வேண்டாம். எந்தக் கடையில் நாசி கண்டார் சாப்பிடுவது என்பதற்குச் சதவீதம் போட ஆரம்பித்தால் கூட வருபவர்கள் வராமல் போய்விடுவார்கள்.

மாதக் கடைசி

மாதத்துக்கு ஒருமுறை, சம்பளத்துக்கு மறுநாள், அரைமணி நேரம் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் பாருங்கள். 60, 70, 80, 90 என்று போட்டவற்றில் எத்தனை நடந்தது என்று ஒரு வரி. எந்தெந்த விஷயத்தில் திரும்பத் திரும்பப் பெருக்கல் குறி விழுகிறது என்று ஒரு வரி. எழுதிய நேரத்தையும் கவனியுங்கள். என்னுடைய மோசமான ஊகங்கள் இரவு ஷிப்ட் முடிந்த காலையிலோ யாரோடோ சண்டை போட்ட அன்றோ எழுதியவை. இடப்பக்கம் காலியாகவே கிடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முழுக்க என்னுடையது காலியாக இருந்தது. அந்த மாதம் நான் எல்லா விஷயத்திலும் சரியாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டு தீர்ந்ததும் புதிது வாங்கி, திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். எனக்கு இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. முதல் பக்கத்தில் நாலு வரி இருக்கிறது:

பாலம்: நினைத்ததோடு 20 நிமிடம் கூட்டு.
மச்சான் கடன்: 70 இல்லை, 30.
நைட் ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் எதற்கும் சரி சொல்லாதே.
சின்னம்மா வீட்டைப் பற்றிப் பேசுமுன் புத்தகத்தைப் பார்.